யாழ்மூரி: எது முரிந்தது?

காரைக்காலிலிருந்து திருநள்ளாற்றுக்குப் போகும் கூட்டம் சனீசுவரனை நினைத்துக்கொண்டே போகிறது. வழியில் சற்று ஒதுங்கி இருக்கும் தருமபுரத்தில் இறங்குகிறவர்கள் குறைவு. அங்குள்ள சிவனுக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர், அம்மனுக்குத் தேனாமிர்தவல்லி. காவிரிக் கரையில் சுவாமிக்குப் பெயர் வரும் வழிகள் நமக்குத் தெரியும். ஊரால் வரும், மரத்தால் வரும், பூசித்தவர் பெயரால் வரும். திருநள்ளாற்றிலேயே தர்ப்பைக் காட்டை வைத்துத் தர்ப்பாரண்யேசுவரர் என்கிறார்கள். தருமபுரத்தில் மட்டும் ஒரு பாட்டு சாமிக்குப் பெயர் வைத்திருக்கிறது. திருஞானசம்பந்தர் இங்கே பாடிய பதிகத்துக்கு யாழ்மூரி என்று பெயர். பதிகத்தின் பெயர் பண்ணுக்குப் போய், பண்ணின் பெயர் சுவாமிக்குப் போய், கோயிலுக்கும் அதுவே நின்றுவிட்டது.

மயிலாடுதுறையை ஒட்டி இன்னொரு தருமபுரம் உண்டு. ஆதீனம் இருப்பது அங்கே. பாடல் பெற்ற தருமபுரம் அதுவல்ல. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து, இன்று புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் சேர்ந்திருக்கும் காரைக்காலின் தருமபுரம்தான் அது. பதிகத்தைப் படித்தாலே இடம் பிடிபட்டுவிடும். ஆழ்கடலின் வெண்திரை நுரையோடு வந்து கரையில் மோதுவதும், புன்னையில் வண்டு மொய்ப்பதும், சோலையில் குயில் பழகுவதும் முதல் பாட்டிலேயே வந்துவிடுகின்றன. மயிலாடுதுறையில் இருந்துகொண்டு யாரும் அலை நுரையைப் பாடமாட்டார்கள்.

இந்த யாழ்மூரி என்ற பெயரை எல்லாரும் ஒரே மாதிரிதான் விளக்குகிறார்கள். யாழ் முரிந்தது, அதனால் யாழ்மூரி. கதை அவ்வளவு அழகானது என்பதால் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். திருஎருக்கத்தம்புலியூரைச் சேர்ந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரும் மனைவி மதங்கசூளாமணியும் சம்பந்தரோடு கூடவே ஊர் ஊராகப் போனவர்கள். அவர் பாடப் பாட இவர் யாழில் வாசிப்பார். தருமபுரம் யாழ்ப்பாணருடைய தாய் பிறந்த ஊர். மாமன் மைத்துனன் என்று உறவினர் கூடிய இடத்தில் ஒரு பேச்சு வந்தது: இவர் யாழில் வாசிப்பதால்தான் சம்பந்தரின் பதிகங்கள் உலகமெல்லாம் பரவுகின்றன என்று. சொந்தக்காரப் பையனைப் பெருமையாகச் சொல்வது எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் யாழ்ப்பாணர் நடுங்கிப்போனார். சம்பந்தரிடம் போய், யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருள வேண்டும் என்று அவரே கேட்டார். சம்பந்தர் ‘மாதர் மடப்பிடி’ என்று தொடங்கும் பதிகத்தைப் பாடினார். யாழ்ப்பாணர் நரம்பில் தேடித் தேடிப் பார்த்தார், இசை சிக்கவில்லை. இந்தக் கருவியைக் கையில் எடுத்ததால்தானே இந்தப் பேச்சு வந்தது என்று யாழை உடைக்கப் போனார்.

இந்தக் கதையில் என் மனம் யாழ்ப்பாணர் பக்கம்தான். பாட்டுக்காரருக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் இடையில் யார் பெரியவர் என்ற கணக்கு இன்றைய மேடையிலும் ஓயவில்லை. அந்தக் கணக்கை இந்த மனிதர் தனக்கு எதிராகத் தானே தீர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறார். மதங்கசூளாமணியும் அவரோடு சேர்ந்து பாடியவர். அவரைப் பற்றி ஊர் என்ன சொன்னது என்று கதையில் வருவதே இல்லை.

யாழ்ப்பாணர் ஓங்கிய யாழைச் சம்பந்தர் தடுத்துத் தம் கையில் வாங்கிக்கொள்கிறார். அம்மையப்பரின் திருவருள் இந்தக் கருவிக்குள் அளவுபடுமா என்று கேட்டு, வந்த அளவுக்கு வாசித்தால் போதும் என்று தேற்றித் திருப்பிக் கொடுக்கிறார். யாழ்ப்பாணர் மறுபடியும் வாசிக்கிறார். ஆகக் கதையின்படி யாழ் முரியவே இல்லை. முரியாத யாழுக்கு யாழ்மூரி என்ற பெயர் எப்படி வந்தது? முரிந்தது வேறு ஏதாவதா?

இங்கே சொல்லைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். முரி, முறி என்று இரண்டு சொற்கள். டெல்டாப் பேச்சில் சின்ன ரகரத்துக்கும் பெரிய றகரத்துக்கும் காது வித்தியாசம் சொல்லாது, எழுத்தில் உண்டு. முறி என்றால் ஒடி. முறித்த துண்டு, முறிச்சீட்டு, நஞ்சுக்கு முறி எல்லாம் அந்த வழி. பழைய பாட்டுகளில் முறி என்பது மரத்தின் இளந்தளிரும்கூட. முரி என்ற சொல்லுக்கும் ஒடிதல் என்ற பொருள் உண்டு. ஆனால் அதைவிட நயமாக அது வழங்கும் இடம் வளைவு. பெண்ணின் புருவத்தை முரிபுருவம் என்பார்கள். புருவம் உடையாது, நெளியும். அலையை முரிதிரை என்பார்கள். அலையும் உடைவதில்லை. ஓங்கி வந்து, தலை கவிழ்ந்து, மடங்கித் தன் மேலேயே விழும். போன திசையிலிருந்து சட்டென்று திரும்புவது, நிமிர்ந்தது நெளிவது, நீண்டது மடங்குவது ஆகியவை முரி என்ற சொல்லின் குணம்.

மூரி என்று நீண்டு வந்தது பாட்டு ஓசைக்காக என்று கொள்ளலாம்; யாழ்முரி என்றும் எழுதுவதுண்டு. ஆனால் மூரி என்று தனியே ஒரு பழஞ்சொல்லும் இருக்கிறது: வலிமை, எருது, பெருமை என்று அதற்குப் பொருள். தூங்கி எழுந்து கை கால் நீட்டிச் சோம்பல் விடுவதை மூரி நிமிர்தல் என்பார்கள். அந்த வழியில் போனால் யாழ்மூரிநாதர் யாழ் வலிமை உடையவர் ஆகிவிடுவார். பக்தருக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் அது இங்கே பொருந்தவில்லை.

முரி என்பது இசைத்தமிழில் ஒரு கலைச்சொல். சிலப்பதிகாரத்தின் கானல்வரிக்குப் போனால் அது கிடைக்கும். காரைக்காலிலிருந்து கடற்கரையோரமாகவே வடக்கே போய், தரங்கம்பாடி தாண்டினால் பூம்புகார். அங்கே இந்திர விழா முடிந்து கடலாடப் போன இடத்தில் கோவலனும் மாதவியும் யாழை வைத்துப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டுகளுக்கு ஆற்றுவரி, சார்த்துவரி, நிலைவரி, சாயல்வரி என்று தலைப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்று முரிவரி. பழைய உரைமரபு அதற்குத் தரும் இலக்கணம் இதுதான்: முதலில் எடுத்துக்கொண்ட இயலையும் இசையையும் முரித்துப் பாடுவது முரி. இயல் என்றால் இங்கே பாட்டின் சொற்கட்டு, நடை. தொடங்கிய நடையிலும் தொடங்கிய மெட்டிலும் நிற்காமல், இரண்டையும் திருப்பிவிட்டுப் பாடுவது.

ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதை விதவிதமாக மாற்றி, அந்த மாற்றங்களாலேயே முழுப் பாட்டைக் கட்டுவது உலகமெங்கும் இசை இயற்றுவோர் செய்யும் வேலை. அந்த வேலைக்குத் தமிழ் வைத்த பழைய பெயர்களில் முரியும் ஒன்று. யாழ்மூரியில் உள்ள மூரி இந்த முரிதான் என்பது என் கட்சி. தேவார இசையை ஆராய்ந்தவர்கள் இந்தத் தொடர்பை முன்பே சுட்டியிருக்கிறார்கள். ஊர் வழக்கில் மட்டும் அது ஏறவில்லை.

கானல்வரி முழுவதுமே இந்த வேலைதான். கோவலன் காவிரியைப் பாடுகிறான். மூன்று பாட்டு; மூன்றும் ஒரே அச்சு, ஒரே முடிப்பு; உள்ளே உருவங்கள் மட்டும் மாறுகின்றன. பொருள் ஒன்று, அடுக்கு மூன்று. கலிப்பாவில் தரவு வந்த பிறகு தாழிசை மூன்று அடுக்கி வரும் வழக்கத்தோடு இதை வைத்துப் பார்க்கலாம். தரவு கருத்தைத் தரும். தாழிசை அதை மும்முறை மாற்றிச் சொல்லும். சுரிதகம் சுருட்டி முடிக்கும். மாதவியின் முறை வரும்போது அவளும் காவிரியில் தொடங்குகிறாள், அவளும் மூன்று பாட்டு, அவளும் காவிரியை வாழ்த்தி முடிக்கிறாள். அவன் போட்ட அச்சிலேயே அவள் தன் பொருளை வார்க்கிறாள். அவன் பாட்டில் வேறொருத்தி இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அவள் பாட்டில் வேறொருவன் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. ஒருவர் மெட்டை இன்னொருவர் எடுத்து மாற்றிப் பாடியதில் ஒரு குடித்தனமே போயிற்று. இசை வரலாற்றில் இவ்வளவு விலை கொடுத்த மாறுபாடு வேறெங்கும் இருந்ததா தெரியவில்லை.

இனிப் பதிகத்துக்கே வருவோம். அடிகளை எடுத்துக் காட்டாமலே அதன் கட்டைச் சொல்ல முடியும். ஒவ்வோர் அடியும் நடுவில் இரண்டாகப் பிளக்கிறது. முன்பாதி நெடிலும் ஒற்றும் கலந்து, தாங்கித் தாங்கி, யானை நடை போடுகிறது. முதல் பாட்டில் பேச்சும் பெண்யானை நடை, அன்ன நடை பற்றியதுதான். அடி பின்பாதிக்குள் நுழைந்ததும் குறிலாகவே உதிர்கிறது. நிரையசைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட, முடுகு பிறக்கிறது. அடுத்த அடியில் மறுபடியும் தாங்கு நடை, மறுபடியும் முடுகு. ஒரு பாட்டுக்கு நான்கு முறை இப்படி நடந்து ஓடி நடந்து ஓடி, தருமபுரம் பதியே என்ற முடிப்பில் வந்து நிற்கிறது. பதிகம் முழுக்க இதே கதி. எடுத்த இயல் ஒவ்வோர் அடியிலும் நடுவில் முரிகிறது. யாராவது வாய்விட்டு ஒரு முறை படித்தால் போதும், முரி என்ன என்று உரையாசிரியரைக் கேட்க வேண்டியதே இல்லை.

சரி, இயல் முரிவது கண்ணுக்கே தெரிகிறது. இசை எப்படி முரிந்தது? அதற்கு நம்மிடம் பழைய பதிவு இல்லை. ஓதுவார் வழிவழியாகப் பாடி வைத்திருப்பதுதான் உண்டு. இன்று ஓதுவார்கள் இதை அடாணாவில் பாடுகிறார்கள். அடாணா என்ற பெயர் சம்பந்தருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது, அதனால் அந்தக் காலத்து உருவம் இதுதான் என்று சாதிக்க முடியாது. ஆனாலும் தேர்வு பொருத்தமானது. அடாணாவில் சுரம் நேராக நிற்பது அபூர்வம். நேர்வரிசையில் ஏறி இறங்காமல் வளைந்து வளைந்து போகும், காந்தாரமும் நிஷாதமும் அசைந்தபடியே இருக்கும்.

கதையின் யாழ்ப்பாணருக்கு இங்கேதான் சிக்கல் வந்திருக்க வேண்டும். முடுகு யாழுக்கு எதிரியே அல்ல. நரம்பைத் தட்டித் தாவுவது அந்தக் கருவிக்குக் கைவந்த கலை. வில்யாழின் வழிவந்த யாழ்களில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். அடியார்க்குநல்லார் கணக்குப்படி பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. எத்தனை நரம்பு கட்டினாலும் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் உள்ளது வெறும் காற்று. மிடறு அந்தக் காற்றில் வழுக்கிக்கொண்டு போகும், நடுவில் நின்று அசையும், தொட்டும் தொடாமலும் திரும்பும். யாழ் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் குதிக்கத்தான் முடியும். வீணையில் மெட்டுமேல் தந்தியை இழுத்து அசைக்கலாம். (மெட்டு என்ற ஒரே சொல் வீணைத் தண்டின் கட்டைக்கும் பாட்டின் ராகக் கட்டுக்கும் எப்படி வந்தது என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.) யாழ் மெல்ல மறைந்து வீணை நின்றதற்கு இந்த அசைவும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் தருமபுரத்துக் கதை ஒரு தனிமனிதரின் பணிவைச் சொல்வதோடு, ஒரு கருவியின் எல்லையையும் சொல்லிவிடுகிறது. குரலின் அசைவுகள் கருவியின் பிடியைத் தாண்டிப் போய்விட்ட நாளின் நினைவு அதில் இருக்கிறது.

இதற்கு எதிராக ஒரு சான்று இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. சம்பந்தர் யாழ்ப்பாணரைத் தடுக்கும் இடத்தில் சேக்கிழார் போடும் வினை முரித்தல்தான், சின்ன ரகரத்தோடு. ஆக 12ஆம் நூற்றாண்டிலேயே யாழ்மூரிக்கு யாழை முரித்தல் என்ற விளக்கம் நிலைத்துவிட்டது. என் வாசிப்பு வேறு. பதிகத்துக்கு யாழ்மூரி என்ற பெயர் முதலில் இருந்தது. அந்தப் பெயரின் இசைப்பொருள் பாடுவோர் வட்டத்துக்கு வெளியே மங்கியது. மங்கிய பெயருக்குக் கதை துணைக்கு வந்தது. சேக்கிழார் பெரிய கவி. கையில் கிடைத்த சொல்லின் இரண்டு பொருளையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு, யாழை மட்டும் காப்பாற்றிவிட்டார்.

திருமுறையைத் தொகுத்தவர்கள் இந்தப் பதிகத்தை எங்கே வைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முதல் திருமுறையில் 136 பதிகங்கள். முதலாவது நட்டபாடையில் தொடங்குகிறது; பண் பண்ணாக வரிசை போகிறது; கடைசியில், 136ஆவதாக, யாழ்மூரி தனியே நிற்கிறது. தேவாரம் முழுவதிலும் இந்தப் பண்பெயரில் வேறு பதிகம் கிடையாது. ஒரு பதிகத்துக்காக ஒரு பண் என்பது விசித்திரம்தான். பண் என்பது பல பாட்டுகளைத் தாங்கும் பொதுச் சட்டகம். ஒரே பாட்டைத் தாங்குவது பண்ணாக இருப்பதைவிட ஒரு பாட்டின் வடிவமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முரிவரி எப்படி ஒரு வரிப்பாட்டு வகையோ அப்படி யாழ்மூரியும் ஒரு வகை. பண்வரிசையில் அடங்காததால், அதன் பெயரையே பண்ணாக எழுதிக் கடைசியில் வைத்துவிட்டார்கள்.

சம்பந்தருக்கு இந்த மாதிரி வேலைகள் விளையாட்டு. அதே முதல் திருமுறையில் 127ஆவதாக ஏகபாதம் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு ஒரே அடி. அந்த அடியையே நான்கு முறை மடக்குவார். ஒவ்வொரு முறையும் சொல்லைப் பிரிக்கும் இடம் மாறி வேறு பொருள் தரும். அங்கே எழுத்து அசையாமல் பொருள் முரிகிறது. அதற்கு முந்தின பதிகம் தாளச்சதி. பிந்தினது எழுகூற்றிருக்கை, ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணால் தேர் கட்டுவது. ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலிருந்து எல்லாவற்றையும் வருவிப்பது என்ற ஆசை இவரிடம் ஒரு வேகமாகவே இருந்திருக்கிறது.

இந்தக் கரையில் இந்த ஆசைக்கு அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. காரைக்கால் அம்மையார். திருவாலங்காட்டில் அவர் பாடிய இரண்டு பதிகங்களும் மூவர் தேவாரத்துக்கு முந்தியவை என்பதால் மூத்த திருப்பதிகம் என்று பெயர் பெற்றன. ஒன்று நட்டபாடை, மற்றது இந்தளம். ஒரு அச்சை எடுத்து, பாட்டுக்குப் பாட்டு உருவத்தை மாற்றி, அடுக்கிக்கொண்டே போகும் பதிக வடிவத்தை முதலில் நமக்குத் தந்தவர் அவர். முதல் பதிகத்தில் பேய் ஒவ்வொரு பாட்டிலும் வேறு வேலை செய்யும். ஒவ்வொரு பாட்டும் திருவாலங்காடு என்றே முடியும். அந்தப் பதிகத்தில் துத்தம், கைக்கிள்ளை, விளரி, தாரம், உழை, இளி என்று சுரப்பெயர்களையும், தக்கை, கொக்கரை, தமருகம், மொந்தை, வீணை என்று கருவிகளையும் வரிசையாக அடுக்குவார். ஆனி மாதம் காரைக்காலில் மாங்கனி இறைக்கும் கூட்டத்தில் மாங்கனி அதிசயம் எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மாள் சுரப்பட்டியல் போட்ட இசைப்புலவர் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

முரி என்ற கலைச்சொல் பிறகு என்ன ஆயிற்று? வழக்கொழிந்துவிட்டது. இன்று பாட்டுக்காரர்கள் சொல்வது சங்கதி. சேர்ந்து போதல், கூடுதல் என்ற வடசொற் பொருளிலிருந்து வந்தது. தமிழில் அது முதலில் சேதி ஆனது. என்ன சங்கதி என்று கேட்கிறோம். பிறகு பாட்டில் ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் ஒவ்வொரு மாற்றமும் சங்கதி ஆனது. இன்று சங்கதி போடுவது என்பார்கள். நல்லதாக இருந்தால் சங்கதி விழுந்தது என்பார்கள். திருவையாற்றுத் தியாகராஜர் (1767–1847) காலத்தில் கீர்த்தனைக்குள் சங்கதி அடுக்குவது பெருங்கலையானது. கரகரப்பிரியாவில் ‘சக்கனி ராஜ’ என்ற கீர்த்தனையின் பல்லவியைக் கேட்டால் தெரியும். வரி ஒன்றுதான். முதல் தடவை சாதாரணமாக வரும். அடுத்தது ஒரு மூலையில் மட்டும் நெளியும். அதற்கடுத்தது அந்த நெளிவின்மேல் இன்னொன்று போடும். எத்தனை சங்கதி போனாலும் எடுப்புக்கு வந்து சேர வேண்டும். பல்லவி என்ற சொல்லுக்கே தளிர் என்ற பொருளிலிருந்து விளக்கம் சொல்வார்கள். முறி என்ற தமிழ்ச்சொல்லுக்கும் தளிர் என்ற பொருள் இருப்பதை மேலே சொன்னேன். முறியும் முரியும் வேறு என்பதால் இந்த ஒற்றுமையை நான் பிடித்து இழுக்கப்போவதில்லை.

சங்கதி வந்து முரியின் இடத்தைப் பிடித்தது என்று சொன்னால் பாதிதான் சரி. சங்கதியில் சாகித்தியம் மாறாது, தாளம் மாறாது, மெட்டு மட்டும் வளரும். முரியில் நடையும் மாறும், மெட்டும் மாறும். மேற்கிசையில் ஒப்பிட்டால் வேறுபாடு சட்டென்று தெரியும். மொசார்ட் ஒரு பிரெஞ்சுக் குழந்தைப் பாட்டை எடுத்து 12 மாறுபாடுகள் எழுதினார். கேட்கிறவருக்கு அந்தக் குழந்தைப் பாட்டு எப்போதும் காதில் இருந்துகொண்டே இருக்கும். அது சங்கதிக்கு உறவு. பேத்தோவன் தியாபெல்லி என்ற பதிப்பாளரின் சாதாரண வால்ட்ஸ் ஒன்றை எடுத்து, 1823இல் 33 மாறுபாடுகளாக வெளியிட்டார். முதல் மாறுபாட்டிலேயே வால்ட்ஸ் நடை போய் அணிவகுப்பு நடை வந்துவிடுகிறது. இயலும் இசையும் இரண்டும் போகின்றன. கானல்வரி உரைகாரர் அதைக் கேட்டிருந்தால் முரி என்று எழுதிவைத்திருப்பார்.

நம் மரபிலும் இந்த வேலைக்கு வேறு பெயர்கள் உண்டு. நிரவல் அவற்றில் ஒன்று. நிரவு என்றால் பரப்பி நிரப்புதல். மேடு பள்ளத்தை நிரவுவது போல ஒரு வரியை ராகத்தின் பரப்பு முழுவதும் நிரவுவது. அரசலாற்றுக்குத் தெற்கே நிரவி என்று ஒரு ஊரே இருக்கிறது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் துணிவில்லை. இன்னொன்று திரிபு. விபுலாநந்த அடிகள் யாழ்நூலில் பாலைத்திரிபியல் என்று ஓர் இயலே எழுதினார். ஒரு பாலையில், அதாவது சுரவரிசையில், குரல் என்ற முதல் சுரம் நிற்கும் இடத்தை நகர்த்த நகர்த்த வேறு வேறு பாலைகள் பிறக்கும் கணக்கு அது. மட்டக்களப்பில் பிறந்த அவர் அந்த நூலை 1947இல் இந்தக் காவிரி நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றினார். அதே ஆண்டில் காலமானார். திரிபு சுரத்தின் இடத்தில் நடப்பது. நிரவல் வரியின் பரப்பில். சங்கதி மெட்டின் உள்ளே. முரி மட்டும்தான் நடையையும் சேர்த்துப் பிடித்தது. அந்தச் சொல்லுக்கு மாற்றாக இன்னொன்று நமக்குக் கிடைக்கவில்லை. நாகசுரக்காரர் மல்லாரியைக் காலம் மாற்றி, திசிரம் கட்டி வாசிக்கும்போது செய்வது கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அவர் அதை முரி என்று சொல்வதில்லை.

தமிழிசை அரங்குகளில் இப்போது ‘மாதர் மடப்பிடி’ பாடும்போது பக்கத்தில் வயலின் இருக்கிறது. வயலினில் மெட்டும் இல்லை, ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்ற கட்டும் இல்லை. ஓதுவார் அடாணாவில் எங்கே நெளிகிறாரோ அங்கே அதுவும் நெளிகிறது. தாங்கு நடையில் தாங்கி, முடுகில் கூடவே ஓடி, தருமபுரம் பதியே என்ற இடத்தில் அவரோடு சேர்ந்து வந்து நிற்கிறது. அறிவிப்பாளர் பண் யாழ்மூரி, யாழில் வாசிக்க முடியாத பதிகம் என்று சொல்லி முடிக்கும்போது வயலின்காரர் சுருதி சரிபார்த்துக்கொண்டிருப்பார்.